மலைக்காற்றும் மூடிய பெட்டியும்



கோடைக்கானல் செல்வோர் பெரும்பாலும் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறுவது வழக்கம். இம்முறை உங்களை வேறொரு வழியில் அழைத்துச் செல்கின்றேன். கோவையை அடுத்த போத்தனூரில் ரயில் ஏறிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகப் பழனியில் இறங்குவோம். அங்கிருந்து பேருந்தில் 64 கிலோமீட்டர் மலைப்பாதை. குடும்பத்துடன் செல்வோருக்கு இது சற்றே அலைச்சலான வழிதான். ஆயினும் கோடைக்கானலின் செல்வம் அதன் காற்று. அந்தக் காற்றின் அருமையை அறிந்துகொள்ள மலையுச்சியைக் காட்டிலும் பொருத்தமான இடம் போத்தனூர் நடைமேடை.

ஏன் என்கிறீர்களா? சொல்கின்றேன்.

மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1921ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கு மாப்பிள்ளைமார் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். மலபாரின் சிறைகள் நிரம்பி வழியவே, கைதிகளைத் தொலைவிலுள்ள பெல்லாரி முதலிய ஊர்ச் சிறைகளுக்கு ரயிலில் அனுப்பத் தொடங்கினர். மனிதர் ஏறும் பெட்டிகள் போதவில்லை போலும்! சரக்கேற்றும் மூடிய பெட்டிகள் அதற்குப் பயன்பட்டன. நவம்பர் 19ஆம் நாள் மாலை, திரூர் நிலையத்தில் அத்தகைய ஒரே பெட்டியில் நூறு கைதிகளை ஏற்றினர். அவர்களுள் சில இந்துச் சகோதரர்களும் இருந்தனர், ஏனையோர் முஸ்லிம்கள். கதவு வெளியிலிருந்து இறுக அடைக்கப்பட்டது. பெட்டியில் காற்றுக்கென்று சிறு கம்பிவலைத் துளைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை புதிதாகப் பூசிய வண்ணத்தாலும் படிந்த புழுதியாலும் அடைபட்டுக் கிடந்தன என்பதைப் பின்னர் அமைந்த விசாரணைக் குழு கண்டறிந்தது.

திரூரிலிருந்து போத்தனூர் சுமார் 140 கிலோமீட்டர். வழியில் வண்டி பல நிலையங்களில் நின்றது. உள்ளிருந்து தண்ணீர் கேட்டும் காற்றுக் கேட்டும் கதறல் எழுந்தது. கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவு கடந்து போத்தனூரில் திறந்து பார்த்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்து கிடந்தனர். உயிரோடு இருந்தவர்களைக் கோவைக்குக் கொண்டு சென்றனர். அங்கும் பலர் மாண்டனர். இறந்தோர் தொகையை 64 என்றும் 67 என்றும் 70 என்றும் நூல்கள் வெவ்வேறாகக் குறிக்கின்றன. அதிகாரியான நாப் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது, வழக்கும் தொடரப்பட்டது, எவரும் தண்டனை பெறவில்லை. திரூரில் இன்று நகராட்சி மண்டபம் ஒன்று இந்நிகழ்ச்சியின் நினைவாக நிற்கின்றது. பெட்டி திறக்கப்பட்ட ஊரோ நம் தமிழ்நாட்டில் இருக்கின்றது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அக்காலச் சரக்குப் பெட்டி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 1,200 கன அடி என்று வைத்துக்கொள்வோம். அதனை நூறால் வகுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டு கன அடி. கிரிமியப் போருக்குப் பின் இங்கிலாந்தில் படைமுகாம்களின் சுகாதாரத்தை ஆராய்ந்த குழு, ஒரு சிப்பாய் உறங்கும் இடத்தில் அவனுக்கு 600 கன அடி இடம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. திரூர் நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்திய பரிந்துரை அது. அந்த 600 கன அடியும்கூடக் காற்றோட்டமுள்ள அறையில்!

மனிதன் அமைதியாக அமர்ந்திருக்கும்போதே மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றுகின்றான். நூறு பேரின் உடல்கள் அடைத்துக்கொண்ட இடம் போக எஞ்சிய பெட்டியில், காற்று மாறவே வழியில்லையெனில், ஒரு மணி நேரத்திலேயே அந்த வாயு நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்குப் பெருகிவிடும். வெளிக்காற்றில் அது நூற்றுக்கு 0.04 பங்குதான். பத்துப் பங்கை நெருங்கினால் மனிதன் நினைவிழப்பான். இதனுடன் வெப்பத்தையும் வியர்வை ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சடைப்பால் இறப்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப வாங்கி மனிதன் மடிகின்றான்.

இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1756இல் கல்கத்தாவில் நவாப் சிராஜுத்தவ்லாவின் படையினர் ஆங்கிலேயக் கைதிகளைச் சிற்றறை ஒன்றில் ஓர் இரவு அடைத்து வைத்தனர் என்பதும், பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தனர் என்பதும் நாம் பள்ளியில் படித்த ‘இருட்டறைத் துயரம்’. 146 பேர் அடைபட்டு 23 பேர் மட்டுமே பிழைத்தனர் என்று ஹால்வெல் எழுதிய கணக்கை வரலாற்றறிஞர்கள் ஐயுறுகின்றனர். எனினும் சாவுகள் நேர்ந்தன என்பதில் ஐயமில்லை. அதற்கு நகரின் நடுவே நினைவுத்தூண் எழுப்பினர். பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக ஓதி வைத்தனர். அந்தத் தூண் 1940இல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய கிளர்ச்சிக்குப் பின்னரே அங்கிருந்து அகற்றப்பட்டது. மூடிய அறையின் கொடுமையை அவ்வளவு நன்றாக அறிந்திருந்த அரசின் கீழ்தான் திரூரில் அந்தக் கதவு அடைக்கப்பட்டது என்பதே எனக்கு ஆறாத வியப்பு.

சரி, வண்டி புறப்படுகின்றது. பொள்ளாச்சியைத் தாண்டியதும் வலப்புறச் சாளரத்தின் அருகே அமர்ந்துகொள்ளுங்கள். தென்னந்தோப்புகளுக்கு அப்பால் முதலில் ஆனைமலையும், உடுமலைப்பேட்டையைக் கடந்தபின் பழனி மலைத்தொடரும் நீலச்சுவர் போல் உங்களுடனேயே வரும். பொள்ளாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட இப்பாதை 1928இல் திறக்கப்பட்டது, இன்று அகலப்பாதையாகியிருக்கின்றது. பழனி வரும்வரை, சிறையின் காற்றைப் பற்றி உலகம் என்னென்ன எண்ணியது என்பதைப் பேசிக்கொண்டே செல்வோம்.

ஐரோப்பாவில் ‘சிறைக்காய்ச்சல்’ என்றே ஒரு நோய்க்குப் பெயர் இருந்தது. தூக்குமரத்தில் மாண்டவர்களைவிட அக்காய்ச்சலில் மாண்ட கைதிகள் மிகுதி. அது சிறைச்சுவரோடு நின்றுவிடவில்லை. 1577இல் ஆக்ஸ்ஃபோர்டிலும், 1750இல் லண்டன் நகர நீதிமன்றத்திலும் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளிடமிருந்து அந்நோய் பரவி, நீதிபதிகளும் சான்றோரும் கூட்டமாக இறந்தனர். லண்டன் மாநகரத் தலைவரே அதற்குப் பலியானார். கைதி இறந்தபோது அசையாத அரசு, நீதிபதி இறந்ததும் அசைந்தது! நறுமண மூலிகைகளைத் தரையில் தூவினர். நீதிபதியின் முன் பூங்கொத்து வைத்தனர். நாறும் காற்றே நோய் என்பது அக்கால நம்பிக்கை.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு கருவி செய்தார். 1752இல் லண்டன் நியூகேட் சிறையின் கூரைமேல் காற்றாலை ஒன்றை நிறுத்தி, அறைகளிலிருந்து குழாய்கள் வழியே கெட்ட காற்றை உறிஞ்சி வெளியேற்றினார். குழாய் பதித்த வேலையாட்களில் சிலருக்கே சிறைக்காய்ச்சல் தொற்றியது என்பது அதன் சோகம். பிரான்சு நாட்டில் குய்ட்டோன் த மொர்வோ என்பவர் 1773இல் வேறு வழி கண்டார். சாப்பாட்டு உப்பின்மீது கந்தக அமிலத்தை ஊற்றினால் எழும் காரமான புகையை மூடிய தேவாலயத்திலும் பின்னர் சிறையிலும் நிரப்பிக் காற்றைத் தூய்மை செய்தார். 1780இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஸ்பானியப் போர்க்கைதிகளிடையே காய்ச்சல் பரவியபோது, கார்மைக்கேல் ஸ்மித் என்னும் மருத்துவர் வெடியுப்பிலிருந்து எழுப்பிய நைட்ரிக் புகையைப் பயன்படுத்தினார். பின்னாளில் நாடாளுமன்றம் அவருக்கு 5,000 பவுன் பரிசளித்தது.

இவர்கள் அனைவரினும் என் மதிப்பில் உயர்ந்தவர் ஜான் ஹோவர்டு. அவர் மருத்துவரும் அல்லர், பொறியாளரும் அல்லர். ஊர் ஊராகச் சென்று சிறைக்குள் நுழைந்து, அறையின் நீள அகலத்தை அளந்து, சாளரம் உண்டா, தண்ணீர் உண்டா, வைக்கோல் மாற்றுகிறார்களா என்று ஏட்டில் எழுதி வந்தார். சிறையின் நாற்றம் ஆடையில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் மூடிய வண்டியில் பயணம் செய்ய முடியாமல் குதிரைமேலேயே சென்றார். குறிப்பேட்டின் தாள்களை நெருப்பருகே விரித்து வைத்த பின்னரே படிக்க முடிந்தது. அவர் அளித்த சான்றுகளின் துணையால் 1774இல் ஒரு சட்டம் பிறந்தது. சிறைச்சுவர்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் செய்ய வேண்டும். நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும். குளிக்கத் தொட்டி வேண்டும். அடுத்து 1777இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1790இல் கருங்கடலுக்கு அருகே கெர்சான் நகரில் நோயாளிகளைப் பார்க்கச் சென்ற இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

சிறைக்காய்ச்சலின் உண்மைக் காரணம் 1909இல்தான் துலங்கியது. அதைக் கண்டவர் துனிஸ் நகரில் பணியாற்றிய சார்ல் நிக்கோல். மருத்துவமனையின் வாயில்வரை நோயாளி மற்றவர்க்கு நோயைக் கொடுக்கின்றான். பழைய ஆடையைக் களைந்து குளிப்பாட்டி உள்ளே அனுப்பிய பின் கொடுப்பதில்லை. அப்படியானால் நோய் ஆடையில் இருக்கின்றது என்று அவர் எண்ணினார். அழுக்காடையில் வாழும் பேனே அதைச் சுமந்து திரிவது என்பது அவர் ஆய்வால் மெய்ப்பட்டது. காற்று பழியிலிருந்து விடுபட்டது. எனினும் கவனியுங்கள்: ஹோவர்டின் சட்டம் கேட்டவை குளியலும் கழுவுதலும். காரணத்தைத் தவறாக அறிந்திருந்தும் மருந்தைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். மதரஸாவில் சூரா யூசுஃப் பாடம் நடக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள், கனவுகளைப் பற்றிக் கேட்பார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்த சிறையைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஆனால் நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், கைதி நின்று தொழ முடியாதபடி விலங்கிடக் கூடாது என்று ஆளுநர்களுக்கு எழுதினார்கள். ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் அல்ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், கைதிகளுக்கு உணவுச் செலவும் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி ஆடையும் பொதுக் கருவூலத்திலிருந்து தரவேண்டும் என்றும், சிறையில் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுகை நடத்தி அடக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்கள்.

இவற்றினும் வியப்பானது பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் நடந்தது. கலீஃபா முக்ததிரின் அமைச்சர் அலீ பின் ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சிறைகளில் இருப்போர் தம் எண்ணிக்கையின் மிகுதியாலும் தங்குமிடத்தின் கடுமையாலும் நோய்க்கு இலக்காகாமல் இருக்க முடியாது. மருத்துவரைத் தேடி வெளியே செல்லவும் அவர்களால் இயலாது. ஆகவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளுடனும் பானங்களுடனும் எல்லாச் சிறைகளுக்கும் சென்று நோயுற்றோரைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவர் வரலாறுகளை எழுதிய இப்னுல் கிஃப்தீயும் இப்னு அபீ உஸைபிஆவும் இதைப் பதிந்து வைத்திருக்கின்றனர். நெரிசலே நோய்க்கு வித்து என்பதையும், அடைத்து வைத்தவனே பொறுப்பாளி என்பதையும் ஹோவர்டுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைச்சர் சில வரிகளில் எழுதிவிட்டார். (ஸினானின் தந்தை ஸாபித் பின் குர்ராவோ ஹர்ரானிலிருந்து வந்த ஸாபியீ மரபினர். அறிவுக்கு அன்றைய பக்தாத் சாளரங்களைத் திறந்தே வைத்திருந்தது!)

இதோ பழனி. முருகன் கோயிலால் நாடறிந்த ஊர். நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் சென்று கோடைக்கானல் வண்டியில் ஏறுங்கள். சிறிது நேரத்தில் வரதமாநதி அணை; அதன்பின் வளைவுகள் தொடங்கிவிடும். சவரிக்காடு, வடகவுஞ்சி என்று மலையூர்கள் வரும். நிழல்மரங்களின் கீழே காப்பிச் செடிகளும் மலைவாழையும். ஒவ்வொரு கொண்டையூசி வளைவுக்கும் காற்றில் ஒரு பாகை குறைவதுபோல் தோன்றும். பெருமாள்மலையில் நம் பாதை வத்தலக்குண்டுச் சாலையுடன் சேர்கின்றது. வெள்ளியருவியையும் செண்பகனூரையும் கடந்தால் கோடைக்கானல். ஏறத்தாழ 7,000 அடி.

இந்த உயரத்துக்கு வெள்ளையர் ஏறி வந்தது இன்பச் சுற்றுலாவுக்காக அன்று, உயிருக்கு அஞ்சி. 1834 முதல் மதுரையில் பணிசெய்த அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்தனர். முதலில் அண்மையிலுள்ள சிறுமலையில் வீடு கட்டினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே இன்னும் உயரமான இந்த இடத்தைத் தேர்ந்து 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளை எழுப்பினர். கோடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. ஏரி 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் அமைத்தது.

சிறுமலை ஏன் கைவிட்டது? இதுவும் மலைதானே, அங்கும் காற்று இனிமையானதுதானே என்று அவர்கள் குழம்பியிருப்பர். ‘மலேரியா’ என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பதுதான் பொருள். 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ், குற்றவாளி காற்றன்று, கொசு என்று காட்டினார். அக்கொசு சிறுமலையின் உயரம்வரை வரும். கோடையின் குளிரில் அதனுள் நோய்க்கிருமி வளராது. தவறான காரணத்துக்காக மலையேறிச் சரியான இடத்தை அடைந்தனர்! ஒன்றை மட்டும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மோட்டார் செல்லும் மலைச்சாலை 1914இல் திறக்கப்படும்வரை, நோயாளிகளும் பெண்களும் குழந்தைகளும் கூலியாட்களின் தோளில் நாற்காலியிலும் தொட்டிலிலும் ஏறிவந்தனர். சுமந்து வந்தவர் மறுநாளே அடிவாரத்துக் காய்ச்சலுக்குள் இறங்கிப் போயினர்.

ஏரியைச் சுற்றி நடந்தபின் கதிரவ ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1899இல் இங்கு அது நிறுவப்பட்டதற்குக் காரணமும் இந்தக் காற்றுதான், தூசியற்ற தெளிவு. 1909இல் ஜான் எவர்ஷெட் கதிரவனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டார். பல கோடிக் கல் தொலைவிலுள்ள வாயுவின் ஓட்டத்தை அளக்க அரசிடம் கருவி இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கையெட்டும் தொலைவிலிருந்த ஒரு பெட்டிக்குள் காற்று ஓடுகின்றதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

மூக்கை நம்பிக் காற்றை எடைபோட முடியாது என்பதற்கும் இவ்வூரிலேயே சான்றுண்டு. இங்கு இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. உடல்நலம் கெட்டதென முறையிட்ட தொழிலாளர் தரப்பில் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் 2016இல்தான் உடன்பாடு கண்டது.

இவ்வூரில் முஸ்லிம் பயணிகள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னோர் இடம் கோகினூர் மாளிகை. காஷ்மீரத்துச் சிங்கம் எனப்பட்ட ஷேக் அப்துல்லா, 1965இல் ஹஜ்ஜை நிறைவேற்றி, வேறு சில நாடுகளையும் கண்டு திரும்பியபோது, மே 8ஆம் நாள் டெல்லி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். விசாரணையின்றி முதலில் உதகையிலும், பின்னர் இங்கும் காவலில் வைக்கப்பட்டார். ஸ்ரீநகரின் தால் ஏரியைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோடை ஏரி! ஊரின் மிகச் சிறந்த காற்று அவருக்குக் கிடைத்தது, இல்லாதது ஒன்றுதான். 1968 ஜனவரியில் விடுதலையானார். அவரை அங்ஙனம் காவலில் வைத்தது சரியா என்பதில் வாசகர்கள் பல கருத்தினராக இருப்பீர்கள். நான் சுட்ட விரும்புவது வேறு. அடைத்து வைக்கும் அரசு விரும்பினால் கைதிக்கு நல்ல காற்றைத் தர முடியும் என்பதற்குக் கோகினூர் சாட்சி. பெயரும் புகழும் உள்ளவருக்குப் பங்களா. திரூரில் பெயர் தெரியாத உழவனுக்குச் சரக்குப் பெட்டி. ஆட்சி வேறு, காலம் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தரம்பிரிப்பு ஆட்சி மாறியதும் மாறிவிட்டதா?

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் கணக்கைப் பார்த்தேன். இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம். இருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். கொரோனா பரவிய 2020 மார்ச்சில், சிறை நெரிசலைக் குறைக்கக் கைதிகளைப் பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் விடுவதற்கு மாநிலந்தோறும் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அலீ பின் ஈஸாவின் கடிதத்தைப் படித்தவருக்கு அதில் புதுமை ஒன்றும் தோன்றாது.

காசநோயைப் பற்றி ஒரு சொல். ஒரு காலத்தில் அதற்கு மலைக்காற்றே மருந்து என்று நம்பினர். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் அதைச் சோதித்தது. நகரின் நெருக்கமான குடிசைகளிலேயே இருந்து மாத்திரை உண்டவர்களும், சானடோரியத்தில் நல்ல காற்றும் நல்ல உணவும் பெற்று மாத்திரை உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் அறிவித்தது. உலகின் சானடோரியங்கள் பல மூடப்பட வழிவகுத்த ஆய்வு அது. ஆக, நோய் வந்தபின் தீர்ப்பது மருந்தே. ஆனால் நோய் என்று அறியும் முன், மருந்து தொடங்கும் முன், இருமுகின்ற ஒருவனிடமிருந்து பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அது செல்லாமல் காப்பது எது? எதிரெதிரே இரண்டு சாளரங்களும் பாய்களுக்கு இடையே சற்று இடைவெளியும். வீட்டில் நமக்கு அது எளிது. எழுந்து சென்று சாளரத்தைத் திறந்துவிடுவோம். சிறையிலிருப்பவன் அந்தத் தாழ்ப்பாளுக்கு உரியவன் அல்லன். உங்கள் ஊரில் கிளைச்சிறை இருக்குமாயின், அதைப் பார்வையிட அதிகாரமற்ற உறுப்பினர்களையும் அரசு நியமிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஜமாஅத்தில் வழக்கறிஞரோ மருத்துவரோ இருப்பின், அப்பொறுப்பு இப்போது யாரிடம் இருக்கின்றது, அவர் கடைசியாக எப்போது உள்ளே சென்றார் என்று கேட்டு வையுங்கள். செல்லும்போது ஹோவர்டைப் போல் ஓர் அளவுகோலும் கொண்டு செல்லலாம்.

திரும்பும் வழி பற்றியும் சொல்லிவிடுகின்றேன். மாலை மங்குமுன் பழனி வண்டியைப் பிடித்துவிடுவது நல்லது. மஞ்சு இறங்கிவிட்டால் வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் செல்லும். குளிருக்காக எல்லோரும் கண்ணாடிகளை இறுக மூடிவிடுவர். அரைமணி நேரத்தில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஒரு சாளரத்தையேனும் நான்கு விரல் அகலம் திறந்து வையுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தால் ஒரு போர்வையை நீட்டுங்கள்.